தலையில்லாத மயில்

போன வருஷம் தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாலிபத்தில் பட்டாசு ஆலைக்குக் கூலிக்குப் போனவன், இன்று நாலு வர்ண மெஷின் ஓட்டும் பிரஸ்ஸுக்கு முதலாளி. எவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை எல்லாரிடமும் சொல்வேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் எங்கள் தொழில். படம் தயார் செய்யும் கம்ப்யூட்டர் அறை என் மருமகள் பொறுப்பு. அங்கே ஓடும் மென்பொருள் எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. உலகம் முழுக்க உள்ள ஆட்கள், தங்கள் பிழைப்புக்கான வேலை போக மிச்ச நேரத்தில், ஆளுக்கு ஒன்றைக் கவனித்து ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். புதிதாக வருவது முதலில் சோதனைப் பகுதியில் இருக்கும். விருப்பப்பட்டவர்கள் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லலாம். குறை வராவிட்டால் எல்லாருக்கும் வந்துவிடும்.

அப்படிச் சோதனை தாண்டி, படம் போடும் மென்பொருளில் ஒரு புதுசு வந்திருந்தது. எதிர்த்த பிரஸ்காரர் அந்த வாரம்தான் புது மெஷின் இறக்கியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நம்மளும் எல்லாத்திலயும் புதுசைப் போடு” என்றேன்.

“சீசன் முடியட்டும் மாமா” என்றாள் மருமகள்.

நான் கேட்கிற ஆளா?

எம். புதுப்பட்டியில் ஒரு கம்பெனிக்குப் புஸ்வாணப் பெட்டி லேபிள். தோகை விரித்த மயில், பின்னால் வானவில், சுற்றிலும் தங்கக் கரை. தோகையின் ஒவ்வொரு கண்ணிலும் பொறி பறக்கும். பத்தடி தள்ளி நிற்பவனையும் இழுக்கிற லேபிள். படம் முடிந்து, பிளேட் எடுப்பதற்காக நாலு நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னதும் மென்பொருள் பட்டென்று மூடிக்கொண்டது. திறந்து மறுபடி பிரிக்கச் சொன்னாலும் மூடிக்கொண்டது. பழசுக்கே திரும்பலாமென்றால், புதுசில் சேமித்த படத்தைப் பழசு திறக்கவே இல்லை.

கம்பெனி மேனேஜர் போனில் வந்தார்.

“அண்ணாச்சி, மயிலு இன்னும் முட்டைக்குள்ளதான் இருக்கா? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். மெஷின்ல ஏறலைன்னா எதிர்த்தாப்புல குடுத்துருவேன், கோவிச்சுக்கிடாதீக.”

எதிர்த்தாப்பில் போவதா? அந்தக் கம்பெனி போனால் சீசனில் பாதி போன மாதிரி.

“அந்த மென்பொருள் ஓனரை போன்ல பிடி” என்றேன் மருமகளிடம்.

“ஓனருன்னு யாரும் இல்ல மாமா.”

“ஓனர் இல்லாம எப்படிம்மா கம்பெனி நடக்கும்?”

“கம்பெனியே இல்ல மாமா.”

யாராயிருந்தாலும் எழுது என்றேன்: ஓட்டிப் பார்க்காமலா ஊருக்கு அனுப்பினீர்கள், இதுதானா லட்சணம் என்று. அவள் தட்டி முடித்ததும், நான் சொன்னதை அப்படியே எழுதினாயா என்று கேட்டேன்.

“எழுதிட்டேன். உறைப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கேன்.”

சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. ஏதோ குளிர் தேசத்தில் பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியாராம். அந்த மென்பொருளை இந்தச் சேகரிப்பில் கவனிப்பவர் அவர். படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றிருந்தார். ஆனால் அனுப்பும் இடமோ யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கக்கூடிய பொது இடம். எங்கள் ஊரில் லோடு ஏறும்வரை லேபிளைச் சொந்தபந்தத்துக்குக்கூடக் காட்டமாட்டோம். காட்டினால் அடுத்த வாரமே பக்கத்து ஊரில் மயில் ஆடும். முடியாது என்றேன்.

“கம்பெனி பேரை எடுத்துருதேன் மாமா. மயில் தலையை வெட்டிருதேன். அப்புறம் யாருக்குத் தெரியப்போகுது?”

வெட்டின பிறகும் அதே கோளாறு வந்தால்தான் அனுப்பிப் பிரயோஜனமாம். பேரை எடுத்து ஓட்டினாள், மூடிக்கொண்டது. தலையை வெட்டினாள், மூடிக்கொண்டது. வானவில்லும் தங்கக் கரையும் போயின. கடைசியில் வெறும் தோகை மட்டும் நின்றது. அதற்கும் மூடிக்கொண்டது. அதை அனுப்பினோம்.

வாத்தியார் பதிலில் சந்தோஷம் தெரிந்தது. தோகைக் கண்களில் நிறத்தின் மேல் நிறம் ஊடுருவும்படி அடுக்கியிருக்கிறோமே, அங்கேதான் கோளாறாம். மருமகள் தொடர்ந்து வாசித்தாள். ‘நாங்கள் ஓட்டிப் பார்த்துத்தான் விட்டோம். எங்களிடம் இருந்த படங்களில் நன்றாக ஓடியது. இப்படி ஒரு தோகை எங்களிடம் இல்லை. சோதனைப் பகுதியில் கிடந்தபோது நீங்கள் ஒருமுறை ஓட்டியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம்.’

கோபமே இல்லாத எழுத்து. பட்டாசு ஆலையில் என் முதல் வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு லாட்டிலும் சிலதை எடுத்துப் பொட்டலுக்குக் கொண்டுபோய்க் கொளுத்திப் பார்ப்பது. அது சரியாக வெடித்தால்தான் மற்றது பெட்டிக்குள் போகும். இன்றைக்கும் புது மை டின் வந்தால் நாலு தாள் ஓட்டாமல் விடமாட்டேன். அப்படிப்பட்ட நான், அடுத்தவன் கொளுத்திப் பார்த்திருப்பான் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் திருத்தம் வந்தது. நிறம் பிரிந்தது, ஆனால் தோகை காக்கை இறகு மாதிரி கறுத்துக் கிடந்தது. இந்தத் தடவை நான் திட்டவில்லை. எங்கே கறுக்கிறது, எந்தப் பச்சை போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மருமகள் எழுதினாள். அவர் மறுபடி திருத்தினார். மத்தியானத்துக்கு முன்னால் பிளேட் நாலும் சுத்தமாக வந்து மெஷினில் ஏறின. முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் மயில் ஜம்மென்று நின்றது.

மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். “பொரிச்சுருச்சா அண்ணாச்சி?”

“பொரிச்சு, வளந்து, ஆடிக்கிட்டிருக்கு. உள்ள போய்ப் பாரும்” என்றேன்.

வாத்தியாருக்கு ஒரு பெட்டி புஸ்வாணம் அனுப்பலாமா என்று கேட்டேன். “தபால்ல வெடியை அனுப்புனா முதல்ல நம்மளைத்தான் பிடிப்பாக மாமா” என்றாள் மருமகள். அவரும் எதுவும் கேட்கவில்லை, ஒன்றைத் தவிர. அந்தத் தோகையைத் தங்கள் சோதனையிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்றார். தாராளமாக என்றேன். இப்போது அந்த மென்பொருளில் எந்தப் புதுசு வந்தாலும் எங்கள் தலையில்லாத மயிலைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போகணும். எதிர்த்த பிரஸ்காரரிடம் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று அவரையே கேளுங்கள்.

ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இப்போது சோதனைக்கென்றே ஓடுகிறது. சனிக்கிழமை காலையில் மருமகள் புதுசை அதில் ஏற்றுவாள், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். இதுவரை மூன்று குறை பிடித்து அனுப்பிவிட்டோம். முகம் தெரியாத யாரோ ஒருவருடைய அவசர வேலை நடுவில் நின்றுபோகாமல் இருக்க, கவிழ்கிற புதுசு எங்கள் அறையிலேயே கவிழ்ந்து தொலைக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும், அன்று பொட்டலில் திரி கிள்ளிய அதே ஆசையோடு காத்திருக்கிறேன்.