முதல் வரிசையின் இடது ஓரம்

ஐப்பசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கடலில் புயல் சின்னம் என்றார்கள். காற்றே இல்லை, தூறல் மட்டும். ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி போகும் ரயிலுக்காக நின்றிருந்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை. ஏழு மணிக்குள் போகாவிட்டால் டோக்கன் இருபதைத் தாண்டிவிடும் என்று கவலை.

எங்கே நின்றாலும் நான் எண்ணுவேன். அன்று பிளாட்பாரத்தில் நாற்பது பேர், பெரும்பாலும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்று. புதிதாக யாரும் வரவில்லை. மூன்றாம் முறை மறுபடி நாற்பது. தூறலில் உடம்பெல்லாம் சில்லிட்டிருக்க, சட்டைப் பைக்குள் இருந்த வலது உள்ளங்கை மட்டும் சுட்டது.

பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து என்னிடம் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதங்கள்.

"ஐயா, எண்ணத் தொடங்கேக்க என்னைப் பார்த்து லாபம் எண்டுதானே சொன்னீங்கள்?"

எங்கள் வீட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம். லாபம் என்போம், அடுத்தது இரண்டு. களத்தில் ஐந்து வயதில் பிடித்த பழக்கம். நெல்லோ ஆளோ ரயில் பெட்டியோ, என் வாய் அப்படித்தான் தொடங்கும்.

"ஆமாம்மா. பழக்கம்."

"ஆமியில இருக்கேக்கயும் இந்தப் பழக்கம் இருந்ததோ?"

ரயில் வந்தது. பெட்டிகளை எண்ணாமல் விட்டது என் நினைவில் அந்த ஒரு முறைதான். ஏறவும் இல்லை.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு நான் ராணுவப் போலீஸில் இருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம், உள்நாட்டுப் போரில் இரண்டாகிப்போன ஒரு நகரம். நடுவில் ரயில் பாதை. அதற்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இயக்கத்துக்காரர்கள். ரயில் ஓடவில்லை, தண்டவாளத்தில் எருக்கு முளைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் கைதிகளை வைத்திருந்தோம். காலையும் மாலையும் அவர்களை வரிசைக்கு ஐந்து பேராக உட்கார வைப்போம். நான் ஒவ்வொரு தலையையும் உள்ளங்கையால் தொட்டு எண்ணிக்கொண்டே போவேன். வடக்கத்தி கிளார்க் ஒருவன் நான் சொல்லச் சொல்ல நோட்டில் கோடு போடுவான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் "லாபம்" என்றதை எண்ணிக்கை ஆரம்பம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டான். அதற்குக் கோடு போடவில்லை.

இருந்தது நாற்பத்தொரு பேர். நோட்டில் நாற்பது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பார்த்தேன். திருத்தினால் அதிகாரி முன் போய் நிற்க வேண்டும். ஒருவர் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு நாற்பது பேருக்குத்தான் ரொட்டி வந்தது. மற்றவர்கள் தங்கள் ரொட்டியில் பிய்த்து முதல் வரிசை இடது ஓரத்து ஆளுக்குக் கொடுப்பார்கள். ஒல்லியான ஆள், முன்வழுக்கை. வெயிலில் அந்தத் தலை சுடும். பத்தொன்பது நாள், முப்பத்தெட்டு முறை தொட்டிருக்கிறேன். முப்பத்தெட்டு முறையும் லாபம் என்றுதான் சொன்னேன்.

இருபதாம் நாள் லாரி வந்தது. கிளார்க் பெயர் எழுத நாற்பது வரி போட்டு வைத்திருந்தான். கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுப்பி எழுதி ஏற்றினார்கள். நாற்பதாவது ஆள் ஏறியதும் வரி தீர்ந்துவிட்டது. அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், யாரும் எழுந்திருக்கச் சொல்லாததால். இது யார் என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் அவரைத் தண்டவாளத்தின் பக்கம் கூட்டிப்போனார்கள். எருக்குச் செடிகள் அசைந்தன. பிறகு அசையவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் இந்தப் பெண்ணின் அப்பா. அப்போது இவளுக்கு ஏழு வயது. லாரியில் ஏறிய நாற்பது பேரில் ஒருவர் கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருந்தாராம். தலையைத் தொட்டு லாபம் என்று சொன்ன சிப்பாயைப் பற்றிச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். போன வருடம்வரை நான் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஷிப்ட் ஆட்களை நான் எண்ணுவதைக் கேட்ட முகாம்காரர் யாரோ என் ஊரோடு இவளிடம் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாக இந்த பெஞ்சுக்கு வருகிறாள்.

"உங்களுக்குத் தண்டனை வாங்கித் தர வரேல்லை ஐயா. ஆமிக் கந்தோரில கேட்டதுக்கு, நாற்பது பேரைப் பிடிச்சம், நாற்பது பேரையும் விட்டிட்டம் எண்டு எழுதித் தந்திட்டினம். அம்மா அதை நம்பிட்டா. அப்பா எங்களை விட்டிட்டு ஆரோடயோ போயிட்டார் எண்டு தாலியைக் கழட்டி எறிஞ்சவ. எண்பத்தொரு வயசு, இனி எழும்பமாட்டா. அந்தக் கோவத்தோட அவ சாகக்கூடாது. அவர் அங்க இருந்தவர் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ."

பென்ஷன், என் ரத்த அழுத்தம், பழைய அதிகாரிகளில் யார் உயிரோடு இருக்கக்கூடும், எல்லாம் மனதில் ஓடின. அப்போது போன் அடித்தது. என் மனைவி.

"இன்னாங்க, ரத்தம் குட்த்தாச்சா? இல்ல, எவன் தலையனா எண்ணிக்கினு நிக்கிறீங்களா?"

"எண்ணிக்கினுதான் கீறேன்" என்று வைத்துவிட்டேன். அடுத்த ரயிலில் அந்தப் பெண்ணோடு போனேன்.

முகாமில் அவர்கள் வீடு ஒரே அறை. பகலிலும் உள்ளே விளக்கு வேண்டியிருந்தது. கிழவி பாயில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். நோட்டு, கோடு, வரி தீர்ந்தது, எருக்குச் செடி. எதையும் விடவில்லை.

"எங்க இருந்தவர்?"

"முதல் வரிசை, இடது ஓரம்."

"சாப்பிட்டவரோ?"

"மத்தவங்க பிய்ச்சுக் குடுத்தாங்க. வாங்கிச் சாப்பிட்டார்."

 ஓட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"முப்பத்தெட்டு வருஷமா அந்த மனுசனை ஏசிக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு, "எண்ணிக் காட்டுங்கோ. அண்டைக்கு எண்ணினமாதிரி."

"இங்க யாரை எண்ணுறதும்மா?"

"எண்ணுங்கோ."

இடது ஓரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. பாயின் இடது ஓரத்தில் யாரும் இல்லை. வெறும் இடத்துக்கு மேல் கையை நீட்டினேன், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில். உள்ளங்கை சுட்டது. வெயிலில் காய்ந்த முன்வழுக்கையின் சூடு. அதை எனக்குத் தெரியும். லாபம் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"ஒன்று" என்றேன்.

கிழவியின் தலையைத் தொட்டு இரண்டு. மகள் மூன்று. என் மார்பைத் தொட்டு நான்கு. மூன்று பேர் இருந்த அறையில் நான்கு வந்தது. யாரும் தவறு என்று சொல்லவில்லை. கிழவி மட்டும் பாயில் வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விடுவதுபோல. மகளைக் கூப்பிட்டுத் தலை சீவிவிடச் சொன்னார்.

பிற்பகல் கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கக் கொடுத்தேன். "நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். நாற்பது என்ற எண்ணுக்குக் கீழே உள்ள கையெழுத்து என்னுடையது. விடுபட்டவர் இந்த அம்மாவின் கணவர்." டைப் அடித்தவர் நிமிர்ந்து, "பெரியவரே, இத்த குட்த்தா உங்களுக்குத்தான பேஜாரு?" என்றார். அடியுங்கள் என்றேன். உள்ளங்கை அப்போது குளிர்ந்திருந்தது. அதன் பிறகு அது சுடவே இல்லை. அதுவும் எனக்கு ஒரு கவலையாகத்தான் இருக்கிறது.

பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று தெரியாது. தெரிந்த பிறகு அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். இதுவரை பத்திரத்தாள் இருபது, டைப் நூற்றிருபது, நோட்டரி இருநூற்றைம்பது, ஜெராக்ஸ் பன்னிரண்டு, ஷேர் ஆட்டோ போக வர முப்பது, ரயில் போக வரப் பத்து. ஒன்று என்று தொடங்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறையும் ஒரே தொகை: நானூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.