துலுக்கானம் மாட்டிய கயிறு

துலுக்கானத்துக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. அன்றைக்குக் காரணமும் இருந்தது. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அரங்கம், ரிமோட் டேங்க் போட்டி. மேசை மேல் நின்ற அவருடைய ரிமோட் பொம்மை டேங்க்கை மூன்று முறை சுற்றிப் பார்த்த கோகுல்நாத், "செமயா பண்ணியிருக்கீங்க அங்கிள். ஆனா டோ ரோப் சைடு மாறிடுச்சு" என்றான்.

அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிடலாம். சைடு மாறிடுச்சாமே, சைடு!

ஆவடியில் டேங்க் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர் துலுக்கானம். எஞ்சின், பீரங்கி எல்லாம் மற்றவர்கள் பாடு. மண்வெட்டி, கடப்பாரை, தண்ணீர் கேன், சேற்றில் சிக்கினால் இழுக்கும் டோ ரோப் என்கிற இரும்புக் கயிறு, இவற்றை டேங்க்கின் வெளியே அதனதன் இடத்தில் மாட்டி, வார் போட்டு இறுக்கி, பட்டியலில் டிக் அடிப்பதுதான் அவர் வேலை. பீரங்கி செய்தவனுக்கு ஊரெல்லாம் மரியாதை. மண்வெட்டி மாட்டினவனை எவன் மதித்தான்? ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டபோதும் மைக்கில் வேறொருவர் பெயரைப் படித்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பிறந்தநாளுக்கு அந்த ரிமோட் டேங்க்கை வாங்கிக் கொடுத்தது மகள் பவ்யா. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பழைய மாடல் அது. பட்டனை அழுத்தினால் ஓடும், பீரங்கி திரும்பும். ஆனால் அதன் மேல் ஒட்டியிருந்த சாமான்களைப் பார்த்ததும் துலுக்கானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது இன்னா மண்வெட்டியா, ஐஸ்கிரீம் ஸ்பூனா? எவன்டா செஞ்சான் இத்த?"

"பொம்மையாண்ட கூடவா சண்டைக்குப் போவ?" என்றாள் மனைவி சரசா.

போனார். எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தார். வெள்ளானூர் வீட்டு மாடியறையில் மூன்று மாதம் உட்கார்ந்தார். பால்பவுடர் டின்னை வெட்டி மண்வெட்டி செய்தார். ஆணியைத் தட்டித் தட்டிக் கடப்பாரை. பழைய யூனிஃபார்ம் துணியில் கேன்வாஸ் சுருள். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து முறுக்கி டோ ரோப். அதை இடப்பக்கம் மூன்று கொக்கிகளில் மாட்டியபோது கண் கலங்கிவிட்டது. அதற்கும் கண்ணாடியைத்தான் திட்டினார்.

கோகுல்நாத் மாங்காட்டில் பிளாட் வாங்கிக் குடியேறிய ஐடிக்காரன். ரிமோட் டேங்க் சங்கம் நடத்துகிறான்; போட்டிக்கு மார்க் போடுபவனும் அவன்தான். இந்தப் போட்டியில் ஜெயிக்கும் டேங்க், ஆவடியில் ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் கட்டிய படிப்பகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும். கீழே செய்தவர் பெயர் இருக்கும். துலுக்கானத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். எந்தச் சாமான் எங்கே இருந்தது என்பது நாலு பேருக்குச் சரியாகத் தெரியவேண்டும், அதன் கீழே தன் பெயர் இருக்கவேண்டும்.

"தம்பி, நான் மாட்டிகீறேன் இத்த. ஒண்ணு ரெண்டு வண்டி இல்ல, நூத்துக்கணக்குல. லெஃப்ட்டுதான்."

"போட்டோ ஆதாரம் இருக்கா அங்கிள்? இருந்தாதான் மார்க். ரூல்ஸ் அது."

"உள்ள கேமரா எடுத்துகினு போனா வேலையே பூடும். போட்டோவாம் போட்டோ!"

"எங்ககிட்ட இருக்கு" என்று கோகுல்நாத் போனை நீட்டினான். ஆவடிப் பக்கம் ஒரு முச்சந்தியில் மேடை மேல் ஏற்றி வைத்த பழைய டேங்க், இருபது வருஷத்துக்கு முன் திறப்பு விழாவில் எடுத்த படம். அதில் டோ ரோப் வலப்பக்கம். சங்கத்தில் பதினோரு பேர் இதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்களாம்.

கயிற்றுக்குப் பக்கத்தில் ஒருவன் கையில் ஸ்பானரோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். துலுக்கானம்தான். மீசை மட்டும் கறுப்பு.

அந்த மேடையில் டேங்க்கின் இடப்பக்கம் காம்பவுண்டு சுவர், வலப்பக்கம் மெயின் ரோடு. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் "செவுத்துக்குக் காட்டவா மாட்றோம்?" என்று கேட்டது இவர்தான். தன் வேலையைப் போகிற பஸ்ஸெல்லாம் பார்க்கட்டும் என்று கயிற்றின் கொக்கிகளை அறுத்து ரோட்டுப் பக்கம் வெல்டு வைத்ததும் இவர்தான். அன்றைக்கு அது ஒரு தப்பாகவே தெரியவில்லை.

"பொய்யி அது!" என்று கத்தினார். அரங்கமே திரும்பியது.

"படமா அங்கிள்?"

"படத்துல நிக்கிறவன்! ரோட்டுக்குப் பந்தா காட்னான், பேமானி."

கோகுல்நாத் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கிள், இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ரோப்பை ரைட்டுக்கு மாத்திடுங்க. ஃபர்ஸ்ட் பிரைஸ் உங்களுக்குத்தான். உங்க வேலை முன்னாடி மத்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றான்.

துலுக்கானம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மூன்று கொக்கி, மூன்றே நிமிஷ வேலை. மூன்று மாதமாகக் கண்டவன் மேலெல்லாம் பாய்ந்த கோபம் இப்போது போக இடமில்லாமல் நின்றது. ஸ்க்ரூடிரைவரை மேசையில் எறிந்தார்.

"பேப்பர் குடு."

நின்றபடியே எழுதினார். "இந்தப் பெட்டியிலுள்ள டேங்க்கில் டோ ரோப் தப்பான பக்கம் இருக்கிறது. மேடை டேங்க்கில் அப்படி மாட்டியது நான். சரியான பக்கம் இடது." கையெழுத்துப் போட்டு, கீழே தன் தொழிற்சாலை டோக்கன் நம்பரையும் எழுதினார்.

"எவன் வண்டி ஜெயிக்குதோ, அதுங்கீழ இத்த ஒட்டு. ஒட்டலேன்னா தெனமும் வந்து கத்துவேன்."

கோகுல்நாத் படித்தான். "இதைப் பார்த்தா வர்றவங்க எல்லாம் உங்களைத்தானே திட்டுவாங்க, அங்கிள்?"

"திட்டட்டும்" என்றார் துலுக்கானம். "எனக்கு மட்டும் அந்தப் படத்துல நிக்கிறவன் மேல கோவம் இல்லியா?"