நாற்பத்தொரு பீப்பாய்களும் ஐந்து முடிச்சும்

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும். அது போன பிறகு எல்லா வீட்டு வாசலிலும் நீலத் தொட்டி காலியாக நிற்கும். என் வீட்டுத் தொட்டி மட்டும் வழிய வழிய, நெற்றியில் ஓர் ஆரஞ்சு ஸ்டிக்கரோடு நிற்கும். 'தவறாகப் பிரிக்கப்பட்டது' என்று அதில் அச்சடித்திருப்பார்கள். ஒரு வாரம் என்னை மாட்டிவிட்டது ஒரு காப்பிக் கோப்பை. கோப்பைக்கு ஒரு தொட்டியாம், அதன் மூடிக்கு இன்னொன்றாம், கை சுடாமலிருக்கச் சுற்றித் தரும் அட்டைக்கு மூன்றாவதாம். கனடாவின் இந்த ஏரிக்கரைச் சிற்றூருக்கு வந்து பதினோரு வருடமாகிறது, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டு டாரெல் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைப்பார். அவர் கேலி செய்வதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் கழிவைப் பிரிப்பதுதான் என் உத்தியோகம். அதுவும் கதிரியக்கக் கழிவை.

எங்கள் ஊருக்கு வெளியே ஓர் அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலையை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. இப்போது அதைத் துண்டு துண்டாகக் கழற்றுகிறார்கள். இதற்கு டிகமிஷனிங் என்று பெயர். என் சொந்த ஊர் ஆரணிக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்வதென்றால், சாயப்பட்டறையை மூடுவது என்பது கதவைப் பூட்டிச் சாவியை மாட்டுவது இல்லை. கொப்பரையை வடிக்க வேண்டும், சுவரைச் சுரண்ட வேண்டும், அடியில் நின்ற கசடு எங்கே போயிற்று என்று எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் அந்த மண்ணில் முருங்கை வைத்தால் பயமில்லாமல் கீரை பறிக்கலாம் என்ற நிலைக்கு இடத்தைக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று பல நாட்டு நிபுணர்கள் கூடி உட்கார்ந்து வழிகாட்டி நூல்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்து, எங்கள் நிலையத்துக்கு ஏற்ற வேலைத்திட்டமாக எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. எது சாதாரண இரும்பாக வெளியே போகலாம், எதைச் சில வருடம் ஆறவிட வேண்டும், எது பூமிக்கடியில் ஆழத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்கும்.

ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் எங்கள் சாயப்பட்டறையை நடத்தும் என் அண்ணனுக்கு இந்த வேலை மேல் பெரிய மரியாதை கிடையாது. "நீ இன்னாடா பெரிய பெரிய புக்கு படிச்சிகினு கீற. இங்க எங்க கசடு மூட்டைக்கும் ரிஜிஸ்டர் வெச்சிகினுதான் கீறோம். எத்தினி மூட்டை, எந்தத் தேதி, யார் கட்னது, எல்லாம் எழுதணும். ஆபீசர் வந்தா ஜல்தியா எடுத்துக் காட்டணும்" என்பான். எனக்கு இங்கே காலை காப்பி வேளை, அவனுக்கு அங்கே பட்டறை கழுவும் சாயங்காலம். ஞாயிறுதோறும் போனில் இப்படி ஒருவர் கழிவை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். அண்ணன் தம்பிக்குள் பேச வேறு விஷயமே இல்லையா என்று அண்ணி பின்னாலிருந்து கேட்பார்.

இந்தக் குளிர்காலம் தொடங்கும்போது என் மேசைக்கு நாற்பத்தொரு பீப்பாய்கள் வந்தன. பீப்பாயாக அல்ல, படமாக. நிலையத்தின் பழைய கிடங்கு ஒன்றில், ஒரு தலைமுறைக்கு முன்னால் மூடிவைத்த இரும்புப் பீப்பாய்கள். மேலே ஒட்டியிருந்த காகிதச் சீட்டு ஈரத்தில் கரைந்துவிட்டது, பெயின்ட் எழுத்து துருவோடு உதிர்ந்துவிட்டது, பதிவேட்டில் அந்தப் பக்கங்கள் இல்லை. வெளியே கருவி வைத்தால் கதிர் எவ்வளவு என்று சொல்லும். உள்ளே இருப்பது கையுறையா, தண்ணீரை வடிகட்டிய பிசினா, சகதியா என்று சொல்லாது. அது தெரியாமல் அடுத்த இடத்துக்கு அனுப்ப முடியாது. ஆகவே ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது என்று திட்டம். திறக்கப் போவது எதிர்வீட்டு டாரெலும் அவர் குழுவினர் மூவரும். முழு உடுப்பு, முகமூடி, மார்பில் கதிர் அளக்கும் டோசிமீட்டர். அனுமதித்த அளவைத் தாண்டாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழிகாட்டி நூல்களில் நான் மனதார நம்பும் வாக்கியம் ஒன்று உண்டு. அனுமதித்த அளவு இருக்கிறதே என்பதற்காக ஒரு மனிதரை அதன் விளிம்புவரை அனுப்பக் கூடாது, தவிர்க்க முடிந்ததைத் தவிர்த்தே ஆக வேண்டும். என் கையெழுத்து விழுந்தால் நான்கு பேர் நாற்பத்தொரு தடவை உள்ளே போவார்கள். டாரெலோ, "நீ கையெழுத்துப் போடு, நாங்கள் திறக்கிறோம், சீக்கிரம் முடித்தால் மீன் பிடிக்கப் போகலாம்" என்றார். எனக்குப் பேனா ஓடவில்லை.

அந்தப் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பீப்பாயின் மூடி வளையத்திலும் ஒரு துண்டுக் கம்பி கட்டியிருந்தது. யாரும் திறந்துவிடாமலிருக்கக் கட்டிய முத்திரைக் கம்பி என்று அறிக்கையில் இருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், நான்காவது தடவை பார்க்கும்வரை. கம்பியின் வால் பகுதியில் சிலவற்றில் இரண்டு முடிச்சு இருந்தது, சிலவற்றில் நான்கு, ஒன்றில் ஆறு. தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பியில் ஒரு முடிச்சு போடுவதே பெரும்பாடு. காரணமில்லாமல் யாராவது ஆறு போடுவார்களா?

முடிச்சைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. எங்கள் பட்டறையில் பத்து நெசவாளர் வீட்டுப் பட்டு நூல் ஒரே கொப்பரையில் வேகும். எந்தச் சிட்டம், அதாவது நூல் கற்றை, யாருடையது என்று தெரிய, ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு பருத்திக் கயிறு கட்டி அதில் முடிச்சு போடுவோம். இரண்டு முடிச்சு என்றால் ஒரு வீடு, மூன்று என்றால் வேறு வீடு. ஐந்து முடிச்சு எங்கள் சொந்த நூல். கொதிக்கும் சாயத்தில் காகிதம் கரையும், மை ஓடும், முடிச்சு மட்டும் அப்படியே இருக்கும். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படித்தபோது விடுமுறைக்கு வந்து, இது என்ன ஆதிவாசிப் பழக்கம் என்று சொல்லி, கயிற்றையெல்லாம் அவிழ்த்துவிட்டுப் பிளாஸ்டிக் உறைக்குள் அழகாக டைப் அடித்த லேபிள் மாட்டினேன். அரை மணி நேரத்தில் அத்தனை லேபிளும் சுருண்டு புளியங்கொட்டை அளவுக்கு ஆகிவிட்டன. களம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு நெய்ய வேண்டிய அரக்குச் சிவப்பு எது, கடைக்குப் போக வேண்டிய சிவப்பு எது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா திட்டவில்லை. நெசவாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். அவரவர் தங்கள் நூலின் முறுக்கைக் கையால் தடவியே பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து பட்டறையில் என் பெயர் லேபிளு. இன்றைக்கும் ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், "இன்னா லேபிளு, எப்ப வந்த?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா என்றால் இல்லை. முடிச்சுகளை எண்ணிப் பட்டியல் போட்டேன். இது அணுநிலையம், ஆரணி இல்லை, இங்கே விஞ்ஞானப்பூர்வமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, எத்தனை முடிச்சோ அத்தனையாவது கட்டடத்திலிருந்து வந்த கழிவு என்று மூன்று பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதினேன். டாரெலிடம் காட்டினேன். முழுவதும் பொறுமையாகப் படித்தார்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் இங்கே மூன்று கட்டடம்தான் இருந்தது" என்றார்.

அந்த ஞாயிறு அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். கொப்பரை கழுவுகிற சத்தம் நின்றது. "ஏன்டா லேபிளு, நாம எதுக்குடா முடிச்சு போடறோம்? உள்ள இன்னா கீதுன்னா? யார்துன்னு தெரியத்தானடா. அங்கயும் மனுசன்தானே கட்னான்? கட்னவனப் போயி கேளு. போட்டோவ பாத்துகினு பேஜார் பண்ணாத" என்றான். எனக்குச் சுருக்கென்றது. முன்னாள் பணியாளர்களிடம் பேசி, ஏட்டில் இல்லாத விவரங்களைத் திரட்டுங்கள் என்று வழிகாட்டி நூலிலேயே இருக்கிறது. அந்த வரியை என் திட்டத்தில் நானே எழுதி, எதிரே 'முடிந்தது' என்றும் போட்டிருந்தேன். ஓய்வுபெற்ற மேலாளர்கள் இருவரிடம் பேசியாகிவிட்டதல்லவா. பீப்பாயை மூடிய கைகளைத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாயப்பட்டறைக்காரன் மகனுக்கு இது தோன்றாமல் போனது வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் டாரெலிடம் கேட்டேன், அந்தக் காலத்தில் பீப்பாய் நிரப்பியது யார் என்று. "அதுவா? என் அத்தை மார்ஜ் பீப்பாய் நிரப்பும் அறையில்தான் வேலை பார்த்தாள்" என்றார். அப்பாவின் தங்கையாம். ஏன் இதைச் சொல்லவில்லை என்றேன். நீ கேட்கவில்லையே என்றார்.

மார்ஜைப் பிடிக்க கர்லிங் கிளப்புக்குப் போக வேண்டியிருந்தது. கர்லிங் என்பது வழுவழு பனித்தரையில் கனமான கல்லைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடும் விளையாட்டு. எண்பதை நெருங்கும் மார்ஜ்தான் அன்று பெருக்கிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து, கணவர் பில்லோடு மேசையில் வந்து உட்கார்ந்ததும் படங்களைப் பரப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்கள் கம்பி! ஒருத்தர் மூடி சரியாக மாட்டவில்லை என்றால் மேஸ்திரி எங்கள் ஆறு பேரையும் நிற்க வைத்துத் திட்டுவார். அதனால் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை வைத்துக்கொண்டோம். இரண்டு நான். ஸ்டான் நான்கு. யாருடையது என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும், இல்லையா?"

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து அண்ணனுக்கு போன் போட வேண்டும்போல இருந்தது. ஆறு பேருக்கும் ஆறு வேலை. மார்ஜ் கையுறையும் துணியும், ஸ்டான் வடிகட்டிப் பிசின், மற்றவர்கள் குழாய்த் துண்டு, கண்ணாடி என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். ஆள் தெரிந்தால் சரக்கு தெரிந்துவிடும்.

நினைவை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் நாற்பத்தொன்றையும் திறக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒன்றாக ஆறு பீப்பாய்களைத் திறந்து பார்ப்பது, மற்றவற்றை வெளியிலிருந்து கருவியால் சரிபார்ப்பது என்று திட்டத்தை மாற்றி எழுதினேன். பரிசீலனைக் குழு இரண்டு வாரம் என்னைக் குடைந்துவிட்டு ஒப்புக்கொண்டது. அன்றைக்குப் பேனா தானாக ஓடியது. டாரெலும் குழுவும் ஆறு தடவை உள்ளே போனார்கள், ஆறும் மார்ஜ் சொன்னபடியே இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம், மார்ஜின் இரண்டு முடிச்சுப் பீப்பாயில் கையுறைகளுக்கு அடியில் ஒரு பச்சை பிளாஸ்க் கிடந்தது. அதன் படத்தைக் கிளப்புக்கு எடுத்துப் போனேன். மார்ஜ் கணவரைப் பார்த்தார்.

"பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றாயே" என்றார் பில்.

கல்யாணமான புதிதில் அவர் வாங்கிக் கொடுத்த பிளாஸ்காம். கொண்டுபோகக் கூடாத அறைக்குள் ஒருநாள் மறதியாகக் கொண்டுபோய், கதிர் பட்டு, கழிவாகப் போட வேண்டியதாகிவிட்டது. வேலை போய்விடுமோ என்று பயந்து சொல்லவில்லை. பில் முறைத்துவிட்டு, எல்லோருக்கும் காப்பி வாங்கப் போனார்.

அன்று மார்ஜ் தன் பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து ஏழு முடிச்சு போட்டு என்னிடம் கொடுத்தார். ஆறு வரைக்கும் ஆள் இருக்கிறார்கள், ஏழு நீ என்றார். பதினோரு வருடத்தில் இந்த ஊர் எனக்கு வரி எண் கொடுத்திருக்கிறது, காப்பீட்டு எண் கொடுத்திருக்கிறது. இந்த எண்ணுக்குத்தான் எனக்குக் கண் கலங்கியது.

அந்த ஞாயிறே அண்ணனிடம் இதைச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துத் தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே கடிதம் எதுவும் இல்லை, அரக்குச் சாயம் ஏறிய ஒரு பருத்திக் கயிறு, அதில் ஐந்து முடிச்சு. ஞாயிறன்று கேட்டதற்கு, "அங்க ஏழுன்னா ஆயிடுமா? இங்க நீ அஞ்சுதான், மறந்துடாத" என்று மட்டும் சொன்னான்.

இங்கே ஏரிக்காற்று பலமாக அடிக்கும் நாளில் தெருவின் நீலத் தொட்டிகளெல்லாம் உருண்டோடி ஒரே இடத்தில் குவிந்துகிடக்கும். எது யாருடையது என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு போவார்கள். என் தொட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. ஒன்றில் மார்ஜின் கம்பியைக் கட்டினேன், மற்றதில் அண்ணனின் கயிற்றை. போன செவ்வாய்க்கிழமை தெருமுனையில் கிடந்த குவியலிலிருந்து அதைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை என்னை மாட்டிவிட்டது ஒரு பால் அட்டைப்பெட்டி; அது உள்ளே அப்படியே இருந்தது, வெளியே புது ஆரஞ்சு ஸ்டிக்கர். நிறைந்த தொட்டியை ஒரு பக்கம் பிடித்து இழுத்தால் சாய்ந்துவிடுகிறது. ஒரு கையில் ஐந்தையும் மறு கையில் ஏழையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, எதிர்வீட்டு வணக்கத்தை வாங்கியபடி, வீட்டுக்கு நடந்தேன்.