பஞ்சவர்ணம் முணுமுணுத்த மெட்டு

பேய், முனி என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். திண்டுக்கல் தோல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் புரட்டிப் புரட்டி, செத்தது செத்ததுதான் என்று என் கைகளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், இந்த வயதில் உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

அறுபதுகளில் ஒரு சினிமாப் பாட்டு வந்தது. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் அதைப் பாட ஆரம்பிப்பீர்கள், எனக்கு அது வேண்டாம். டீக்கடை, கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் அதுதான். என் சிநேகிதன் சுப்பையா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். இரண்டு பேருமே பாட்டுப் பைத்தியங்கள், அதில்தான் சிநேகிதமே உண்டானது. அந்தப் பாட்டு முதல் தடவை ரேடியோவில் வந்தபோது நான் அவன் கடையில் இருந்தேன். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“மாப்ளே, இது பஞ்சவர்ணம் பாட்டுடா.”

பஞ்சவர்ணம் அவன் மனைவி. மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் வார்த்தை இல்லாமல் இந்த மெட்டைத்தான் முணுமுணுப்பாளாம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

டீக்கடையில் சொன்னான். சிரித்தார்கள். “எம் பொண்டாட்டியுந்தேன் பாடுனா, அதுக்கென்ன இப்ப?” என்றான் ஒருத்தன். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று அவன் காதுபடவே பேசினார்கள். நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கடையை அடைக்கும்போது சுப்பையா சொன்னான்: “எனக்கே சந்தேகமா இருக்கு மாப்ளே. அவ இதைப் பாடுனது பொய்யின்னா, அவ கொரலுன்னு நான் நெனைச்சுக்கிட்டு இருக்கிறதும் பொய்தானே?”

அந்த மெட்டு அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தேடலாம், கூட வா என்றான். அதற்குப் பிறகு நான் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

மெட்டுப் போட்டவருக்கு மெட்ராஸுக்குக் கடிதம் எழுதினோம். கையெழுத்துப் போட்ட போட்டோ ஒன்று வந்தது, பதில் வரவில்லை. ஏதோ பழைய நடவுப் பாட்டின் மெட்டாக இருக்கும் என்று நாங்களே முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சைக்கிளை மிதித்தோம். நத்தத்து மாந்தோப்புகளில் கேட்டோம். எரியோட்டில் களை எடுக்கிற பெண்களிடம் பாடிக் காட்டினோம். “இது சினிமாப் பாட்டுல்ல, இதுகூடத் தெரியாதா?” என்று எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு நாள் தோல் ஷாப்பு, ஏழாவது நாள் வெயில். கால் முட்டி இரண்டும் கழன்று போனதுபோல இருக்கும்.

பஞ்சவர்ணம் பிறந்த ஊர் சேவுகம்பட்டிப் பக்கம். மகள் செத்ததற்கு மாப்பிள்ளைதான் காரணம் என்று அந்த வீட்டில் ஏசியிருந்தார்கள், அதனால் அந்த ஊரை அவன் கடைசிவரை ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தான். வேறு ஊர் எதுவும் மிச்சமில்லை என்றான பிறகுதான் கிளம்பினோம். சித்திரை மாசம், உச்சி வெயில். ஒரு மல்லிகைத் தோட்டத்து வரப்பில் சைக்கிளை நிறுத்தினோம். பக்கத்துப் பாத்தியில் ஒரு பெண் தனியாகக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். பேர் அழகம்மா. விசாரித்தால், அவளும் பஞ்சவர்ணமும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பூ எடுத்தவர்களாம். பஞ்சவர்ணத்தின் புருஷன் இவன்தான் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். கல்யாணம் திண்டுக்கல்லில் நடந்ததால் அவள் சுப்பையாவைப் பார்த்ததே இல்லை.

“என்ன பாட்டுண்ணே? பாடுங்க, தெரிஞ்சா சொல்றேன்.”

சைக்கிளைப் பிடித்தபடியே சுப்பையா பாடினான். நல்ல குரல் அவனுக்கு. அன்றைக்கு என்னவோ, பாதியிலேயே கண்ணில் நீர் கொட்டிவிட்டது, ஆனாலும் பாட்டை விடவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தோட்டத்தைப் பார்த்தேன். தூரத்தில் நாலைந்து வரிசை தள்ளி, பச்சைத் தாவணி போட்ட ஒரு பெண் செடிக்குள் குனிந்திருந்தாள். பாட்டைக் கேட்டு நிமிர்ந்து எங்களையே பார்த்தாள். வேலைக்கு வந்த பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சுப்பையா கிணற்றுப் பக்கம் போய்விட்டான். அழகம்மா உட்கார்ந்துவிட்டாள்.

“இதேதாண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடியே இதைத்தேன் பாடிக்கிட்டுத் திரிவா. ஒருநா இதே மாதிரி மத்தியானத்துல தண்ணி குடிக்க வந்தவ இந்த மெட்டை ஆரம்பிச்சா. ஏதுடி இதுன்னு கேட்டேன். வரப்புல சைக்கிளோட ரெண்டு பேரு நின்னாங்க, நெட்டையா இருந்தவரு பாடுனாரு, வார்த்தை காதுல விழுகல, மெட்டை மட்டும் புடிச்சுக்கிட்டேன்னு சொன்னா. நான் இங்கனதான் இருந்தேன். ஒருத்தரும் வரலண்ணே.”

சுப்பையா நல்ல உயரம்.

“அந்த ஆளு அழுதுக்கிட்டே பாடுனாராம். யாருக்காக அழுகுறாருன்னு தெரியலையேடின்னு ரெண்டு நாளு சோறு எறங்காமக் கெடந்தா. கூட நின்னவரு கண்ணாடி போட்டு…”

அதோடு நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்கே தெரியாமல் நான் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

“அங்கன பூ எடுக்குற பொண்ணு யாரு?” என்றேன்.

“மத்தியானத்துல யாருண்ணே பூ எடுப்பா? விடியக்காலமே எடுத்து முடிச்சாச்சு.”

திரும்பிப் பார்த்தேன். வெயில்தான் இருந்தது.

சுப்பையா ஈர முகத்தோடு வந்தான். வழியில் போன யாரோ பாடியதைக் கேட்டு அவள் கற்றுக்கொண்டாளாம் என்று மட்டும் சொன்னேன். அழகம்மா என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து களை வெட்ட ஆரம்பித்தாள். “அப்ப பாடுனது நெசந்தான் மாப்ளே” என்று சுப்பையா என் தோளில் தலையை வைத்துக்கொண்டான். திண்டுக்கல்வரைக்கும் இருபது மைலும் அவன் முன்னால் பாடிக்கொண்டே மிதித்தான், நான் பின்னால் வந்தேன்.

ஏன் மறைத்தாய் என்பீர்கள். சொல்லியிருந்தால் அவன் அந்த வரப்பைவிட்டு எழுந்து வந்திருக்க மாட்டான், தினம் மத்தியானம் அங்கேயே உட்கார்ந்து பாடியே செத்திருப்பான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வழிப்போக்கன் யார் என்று தேட ஆரம்பித்துவிட்டான். வருஷக்கணக்கில் தேடினான். நானும் எல்லாம் தெரிந்துகொண்டே அவன்கூட எல்லா ஊருக்கும் மிதித்தேன். அந்த அலுப்பு இன்னும் என் உடம்பைவிட்டுப் போகவில்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோதுகூட, “அந்த ஆளை மட்டும் பாத்திருந்தா ஒரு கும்பிடு போட்டிருப்பேன்டா” என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம்பினால் நம்புங்கள், அவள் அவனிடம்தான் கற்றுக்கொண்டாள் என்று என்னை நானே ஒருவாறு தேற்றி வைத்திருந்தேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது, இதை நான் அழகம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பாட்டின் இரண்டாவது அடியில் குரல் மேலே ஏறுகிற இடம் ஒன்று உண்டு. அன்றைக்கு அந்த இடம் வந்ததும் சுப்பையா மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினான். அந்தக் கணத்தில், அவன் இன்னும் பாடாத அந்த இடத்துக்கு, தோட்டத்துக்குள்ளிருந்து அந்தப் பச்சைத் தாவணிப் பெண்ணின் குரல் மெல்ல ஏறியது, என் இரண்டு காதாலும் கேட்டேன். அவள் ஏறி முடித்த பிறகுதான் சுப்பையா ஏறினான்.