பின்சீட்டில் வராத பாட்டு

பின்கண்ணாடிக்குக் கீழே, பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பெயர்த்துத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புளித்த பாயசம், சிக்குப் பிடித்த நெய், கரப்பான்பூச்சிப் புழுக்கை, பொடிந்துபோன துளசி எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம். அந்தத் தட்டுக்கடியில்தான் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்கள், பக்கத்துக்கு ஒன்றாக இருந்தன. கறுப்புக் காகிதக் கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் வெல்லப்பாகு இறுகிக் கிடந்தது. அதில் எறும்புகள் செத்து ஒட்டியிருந்தன. கூடவே ஒரு பல்லி. துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அப்பாவைத் திட்டிக்கொண்டே ஸ்க்ரூவைக் கழற்றினேன். செத்துப்போனவரைத் திட்டாதே என்று சொல்கிறவர்கள் வந்து இதைக் கழுவட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா வாங்கிய கார் அது. வலியசாலையில் எங்கள் தெருவில் அதை நிறுத்தினால் எதிரே ஒரு சைக்கிள் வர இடமிருக்காது. அப்பாவுக்கு அதில் பெருமை. வெள்ளிக்கிழமைதோறும் அதில் கிழக்கேகோட்டைக்குக் கோயிலுக்குப் போவோம். யார் எங்கே உட்காருவது என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. ஓட்டுவது அப்பா. பக்கத்து சீட்டில் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை. அதே தெருவில் தனியாக இருந்தாள்; எங்கள் வீட்டில் என்ன சமைப்பது என்பதை அவள்தான் தீர்மானித்தாள். பின்சீட்டில் அம்மாவும் நானும். அத்தைக்கு முட்டிவலி, அதனால்தான் முன்சீட்டு என்பார்கள். முட்டிவலி வருவதற்கு முன்பும் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது பிரசாதம் இருக்கும். வாழையிலையில் பொதிந்த சர்க்கரைப் பாயசம், நெய் சொட்டச் சொட்ட. மனுஷர்கள் பின்புறத்தை வைக்கும் சீட்டில் பகவானுடைய பிரசாதத்தை வைக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். கால் படும் என்பதால் கீழேயும் கூடாது. மடியில் வைத்தால் பட்டுப்புடவையில் நெய் பிடிக்கும். ஆகவே, தலைக்குப் பின்னால், அந்தப் பின்தட்டில். வெயில் அந்தக் கண்ணாடி வழியாக நேராக அதில் விழும். நெய் உருகி, தட்டுத் துணியில் ஊறி, ஸ்பீக்கரின் துளைகள் வழியாக உள்ளே இறங்கும். இத்தனை வருஷமாகப் பகவானுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கரப்பான்பூச்சிக்கு நைவேத்தியம் பண்ணியிருக்கிறார்கள்.

நான் வேலை கிடைத்துப் புனேக்குப் போன பிறகுதான் அம்மாவுக்குக் காது போய்விட்டது என்ற பேச்சு வந்தது. காரில் பாட்டே கேட்கவில்லை என்று அம்மா சொன்னாளாம். போனில் அப்பாதான் பேசுவார். அம்மாவிடம் கொடு என்றால், "அவளுக்குக் கேக்காது, நான் சொல்லிக்கறேன்" என்பார். டாக்டரிடம் காட்டினாயா என்றால், வயதானால் அப்படித்தான் என்பார். தன் கண்ணுக்கு மட்டும் வருஷம் தவறாமல் டாக்டரைப் பார்த்த மனுஷர். லீவில் வரும்போது பார்ப்பேன். அம்மா உட்கார்ந்திருக்கும் கூடத்திலேயே அவளைப் பற்றி அத்தை பேசுவாள், ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

அப்பா போன பிறகு நான் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டேன். உனக்கு என்ன வேணும் என்று அம்மாவிடம் கத்திக் கேட்டேன். காரில் பின்னாடி பாட்டு கேட்க வேண்டும் என்றாள். பெரிய சத்தமாக வருகிற ஸ்பீக்கராகப் போட்டால் இவளுக்கும் கேட்கும் என்று கணக்குப் போட்டேன். அத்தை சிரித்தாள். "செவிடிக்கு ஸ்பீக்கரா? உனக்கென்ன பிராந்தாடீ, பைத்தியமா?" என்றாள், அம்மாவுக்கு முன்னாலேயே.

சாலைக் கடைத்தெருவில் ஸ்பீக்கர் வாங்கப் போனேன். கடையில் நின்றவர் நாகர்கோவில் பக்கத்து ஆள். "அக்கா, இத நீங்களா மாட்டப் போறிய? ஆள விடுதேன், அரை மணிக்கூறுல முடிச்சிருவான்" என்றார். வேண்டாம் என்றேன். "வீட்ல ஆம்பளையள் ஆரும் இல்லியா?" என்றார். இருந்த ஆம்பளை செய்த லட்சணம்தான் இது என்று சொல்லவில்லை. அப்போது எனக்கே அது முழுதாகத் தெரியாது. பணத்தை வைத்துவிட்டு வந்தேன்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பின்சீட்டின் அடிப்பகுதியைப் பிடித்து மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். முதுகுப் பகுதிக்கு போல்ட்டுகள். தட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் வயதாகி, தொட்டதும் உடைந்தன. சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு அந்த அசிங்கத்தைத் தேய்த்தெடுத்ததுதான் வேலை. வாளித் தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்தது. புது ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுப்பதற்காக டிக்கிக்குள் தலையை விட்டு, கீழேயிருந்து டார்ச் அடித்தேன்.

இரண்டு பக்கமும் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. எலி கடித்த வெட்டு இல்லை. கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டியது. வெட்டிய முனைகளில் கறுப்பு டேப். ஒவ்வொரு டேப்பின் நுனியும் உள்பக்கமாக மடித்து விடப்பட்டிருந்தது, பிறகு பிரிப்பதற்கு வசதியாக. இந்த ஊரில் டேப்பை அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான், அப்பா. என் நோட்டுப் புத்தக அட்டை முதல் மின்சார மீட்டர்ப் பெட்டி வரை அப்படித்தான் ஒட்டினார்.

டிக்கிக்குள்ளேயே குந்திக்கொண்டிருந்தேன். பாயசம் ஊறிய ஸ்பீக்கர் கரகரத்திருக்கும். அது அவருடைய ரேடியோச் செய்திக்கு இடைஞ்சல்; முன்சீட்டுக்காரர்களுக்கு முன்கதவு ஸ்பீக்கரை மெதுவாக வைத்தாலே போதும். பிரித்துச் சுத்தம் செய்தால், பின்தட்டில் பிரசாதம் வைக்காதே என்று அக்காவிடம் சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. பெண்டாட்டி செவிடு என்று சொல்வது சுலபம். தன் கையால் ஒயரை வெட்டிவிட்டு, பாட்டு வரவில்லை என்றவளிடம் காது போச்சு என்று சொல்லியிருக்கிறார். எறும்பையும் பல்லியையும் தொட்ட கையைவிட அந்த டேப்பைத் தொட்ட கையைத்தான் நான் அதிக நேரம் கழுவினேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து, அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். பழைய கீர்த்தனை ஒன்றைப் போட்டு, செவிடிக்குக் கேட்கட்டுமே என்று சத்தத்தை ஏற்றினேன்.

"கொறைடீ! எனக்கென்ன காது செவிடா?" என்றாள் அம்மா.

பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். "அப்போ இத்தனை நாளா?" என்று சாதாரணக் குரலில் கேட்டேன்.

சாதாரணமாகவே பதில் வந்தது. "பின்சீட்டுல பாட்டு வரலேன்னுதான் சொன்னேன். உனக்குக் காது போச்சுன்னார். போகலேன்னேன். ஸ்பீக்கர் நன்னா இருக்காக்கும், நான் பார்த்தாச்சுன்னார். ரெண்டு மூணு தடவை சண்டை போட்டேன். உன் அத்தையும் சேர்ந்துண்டா. போறும்னு விட்டுட்டேன்."

"வீட்டுலயும் ஏன் செவிடி மாதிரி இருந்தே?"

"காப்பின்னு கத்துவார். ரெண்டு தடவை கத்திட்டுத் தானே போய் எடுத்துப்பார். நல்லதாப் போச்சு, கேட்டியா." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பின்னே, முன்னாடி உட்கார்ந்துண்டு அவா ரெண்டு பேரும் பேசறதெல்லாம் எனக்குக் கேட்டுண்டே வரும். என் சமையல், என் அண்ணா, உன் கல்யாணம் ஏன் நிலைக்கலைங்கறது. இவ முந்திப் போய்ச் சேர்ந்தா என் தம்பி நிம்மதியா இருப்பான்னு ஒரு நாள் உன் அத்தை சொன்னா. அட்டக்குளங்கரை சிக்னல்ல."

"அப்பா என்ன சொன்னார்?"

"பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தார்."

அந்த டேப் துண்டைக் காட்டாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பக்குவமெல்லாம் கிடையாது. கையில் வைத்துக் காட்டினேன். அம்மா மடிப்பை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். "குப்பையில போடு" என்றாள்.

அப்பா எனக்கு ஃபீஸ் கட்டியவர், காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர். அதையெல்லாம் சொல்லி இதை மெழுகிவிட எனக்கு மனசு வரவில்லை. ஊரில் அவரைச் சாது என்பார்கள். அந்தச் சாதுத்தனத்துக்கு விலை கொடுத்தவள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அதைவிட அருவருப்பு, அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு செவிடியாக இருந்ததில்தான் கிடைத்தது என்பது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை வழக்கம்போலப் பட்டுப்புடவையோடு வந்தாள். முன்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அங்கே அம்மா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடீ இது? நான் எங்கே உட்காரறது?" என்று அத்தை, செவிடிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"கத்தாதேங்கோ அக்கா. பின்னாடி உட்காருங்கோ," என்றாள் அம்மா, மெதுவாக.

அத்தை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதை நான் ரசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு, அதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்: "உனக்கு எப்போலேர்ந்து கேக்கறது?"

"எப்பவுமே."

ஒரு வார்த்தை, ஒரு மன்னிப்பு, வெறும் அழுகையாவது வரும் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியைத் தெருவிலிருந்து வெளியே எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அத்தை வாயைத் திறந்தாள். முட்டி இடிக்கிறது, முன்சீட்டைக் கொஞ்சம் தள்ளச் சொல்லு என்று என்னிடம் சொன்னாள்.

அம்மா சீட்டை நகர்த்தவில்லை.