பெட்டிக்காரர் வீட்டுப் பெட்டி

பெட்டிக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டால், உள்ளே இருக்கும் படம், பாட்டு, கணக்கு எல்லாவற்றையும் யாரும் சொல்லாமலே அது தினமும் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அதை விற்பதும் மாட்டித் தருவதும் அவர் பிழைப்பு. விற்கும் முறையும் அலாதி. முதலில் வீட்டார் வயிற்றில் புளியைக் கரைப்பார். கல்யாணப் படங்களைப் பறிகொடுத்தவர், ஆராய்ச்சிக் கட்டுரை போய்ப் படுத்த படுக்கையானவர் என்று கதைகள் வரும். கேட்பவர் முகம் வெளுத்ததும், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்பார். பயத்தைக் கொடுத்தவரே அபயமும் கொடுக்கும் வசதி, கடவுளுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் வாய்த்திருந்தது.

மனைவிக்குப் பயம் காட்டத் தேவையே இல்லை. போன வருஷம் அவளுடைய தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். தங்கை பேசியது, சிரித்தது, அக்காவைப் போலவே நடந்துகாட்டிக் கேலி செய்தது எல்லாம் வீடியோவாக அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. பெற்ற தாயிடம்கூட வேறு பிரதி இல்லை. "இது போயிட்டா என்னங்க பண்றது?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல், "பெட்டியில இருக்கு" என்பார். கேட்டுக் கேட்டுக் கடைசியில் அவள் நம்பிவிட்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

ஒருநாள் கம்ப்யூட்டர் இடமில்லை என்று முரண்டு பிடித்தது. அடைத்துக்கொண்டிருந்தவை அவர் இறக்கி வைத்த சண்டைப் படங்கள். அவற்றைத் தொட்டால் வீடு இரண்டுபடும். தங்கையின் வீடியோக்கள்தான் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவே என்று அவற்றை அழித்தாள். பெட்டிக்காரர் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

பெட்டியை இரண்டு விதமாக அமைக்கலாம். கம்ப்யூட்டரில் அழித்ததையும் விடாமல் பிடித்து வைப்பது ஒரு விதம். அதற்கு இடம் நிறைய வேண்டும். அங்கே போனது இங்கேயும் போகட்டும் என்பது இன்னொரு விதம். வாங்கியவர் வீட்டிலெல்லாம் அவர் முதலாவதைத்தான் வைப்பார். சொந்தப் பெட்டியிலும் முக்கால்வாசி சண்டைப் படங்களே என்பதால் வீட்டில் இரண்டாவது. பெட்டி சொல் தட்டாத பிள்ளை. அவள் அழித்ததை அதுவும் அழித்தது.

தங்கையின் நினைவு நாளுக்கு அவருடைய மாமியார் வந்தாள். மனைவி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான், வீடியோக்களைப் போட்டுக்காட்ட அவர் பெட்டியைத் திறந்தார். திறந்ததுமே புரிந்துவிட்டது. திரும்பியபோது முகத்தில், வியாபாரத்துக்குப் போகும் வீடுகளில் காட்டும் அதே கருணை.

"நீதானே அழிச்சே?"

அவள் ஆமாம் என்றாள். மேற்கொண்டு அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையின் பாதியே போதுமானதாக இருந்தது.

மாமியார் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எமன் கொண்டுபோனது பாதி. மிச்சத்த நீ முடிச்சிட்டே" என்றாள் மகளிடம். மருமகன் பெருந்தன்மையாக, அவளைத் திட்டாதீர்கள் அத்தை என்று சமாதானம் செய்தார். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்ததற்கு மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பின் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போன் எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சில வாரம் கழித்து, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பெட்டி வாங்க வீட்டுக்கே வந்தார். புதுக் கதை தயாராக இருந்தது.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, சார். செத்துப்போன தங்கச்சியோட வீடியோ பூராவும் தன் கையாலயே அழிச்சிட்டாங்க." வாத்தியார் உச்சுக்கொட்டினார். "நம்மகிட்ட அந்த பயமே வேண்டாம். ஒரே ஒரு செட்டிங்தான். நீங்களே அழிச்சாலும் பெட்டி விடாது."

தேநீர் கொண்டுவந்த மனைவி தட்டை மேசையில் வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாத்தியார் படியிறங்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"அந்த செட்டிங்க நம்ம பெட்டியில ஏன் வைக்கல?"

அவர் காலிக் கோப்பையை எடுத்து உள்ளே பார்த்தார். "இடம் பத்தாதும்மா."

"இப்ப இருக்குமே."

இருந்தது. அன்று மாலையே மாற்றிவிட்டார். இனி அந்த வீட்டில் எதுவும் அழியாது. சண்டைப் படங்கள் அத்தனையும் பத்திரம்.