பித்தளைக் கூட்டுக்குள் ஒரு பள்ளம்

எழுபதுகளின் தொடக்கத்தில் மாண்ட்ரியாலில் ஒரு தொழிற்சாலையின் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். நானும் மனைவியும் அந்நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்தோம். வீட்டில் முட்டைகூட வாங்க மாட்டோம். துப்பாக்கியை நான் சினிமாவில்தான் பார்த்திருந்தேன். அப்படிப்பட்ட நான் ஒரு ரைஃபிள் தோட்டாவை வடிவமைத்தேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

காரணம், பட்டறையில் லேத் ஓட்டிய பிரெஞ்சு நண்பர். இலையுதிர்காலம் வந்தால் வடக்கே மூஸ் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான ஒரு மான். கடையில் விற்கும் தோட்டா எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை.

"பித்தளை தாங்குமான்னு கணக்குப் போட்டு வரைஞ்சு குடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

காகிதத்தில் அது நல்ல கணக்காகத்தான் இருந்தது. பெரிய தோட்டாவின் காலிக் கூட்டை அவர் கடைந்த அச்சுக்குள் அழுத்தி, குண்டைப் பிடிக்கும் கழுத்தைச் சிறிதாக்கி, கழுத்துக்கடியில் கூடு அகலும் தோளைக் கீழே இறக்கினோம். அழுத்தினால் பித்தளை இறுகிக் கீறல் விடும். அதனால் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்க வேண்டும். அடிப்பகுதி இளகவே கூடாது. வெடிப்பின் வேகத்தைத் தாங்குவது அதுதான். எங்கள் சமையலறையில், அடி சூடாகாமல் இருக்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் கூடுகளை நிறுத்தி, மேல்பகுதியில் நெருப்பைக் காட்டினோம்.

"என்னங்க, என் தட்டுலயா இதெல்லாம்?" என்றாள் மனைவி.

"வெறும் கூடுதான். வெடிமருந்து கிடையாது."

"மருந்து போடறதுக்குத்தானே கூடு?"

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை நான் பித்தளையைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். அதன் பக்கத்தில் ஒரு மனிதன் கன்னத்தை வைத்துச் சுடப்போகிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு சனிக்கிழமை நகரின் மேற்குக் கோடியில் இருக்கும் சென்ட்-ஆன்-டெ-பெல்வ்யூ தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம், நண்பருடைய மைத்துனரின் பண்ணைக்குப் போனோம். பழைய ஜல்லிப் பள்ளம் ஒன்றில் துப்பாக்கியை டயரோடு கட்டி, லாரியின் பின்னால் ஒளிந்துகொண்டு, விசையில் கட்டிய கயிற்றை இழுத்தோம். ஒவ்வொரு தோட்டாவாக வெடித்தது. துப்பாக்கிக்கு எதுவும் ஆகவில்லை. அதே கூடுகளில் மறுபடி மருந்து நிரப்பிச் சுட்டோம். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. நண்பர் டயரிலிருந்து துப்பாக்கியை அவிழ்த்தார்.

"இனிமே தோள்ல வெச்சுச் சுடலாம்."

சுட்ட கூடு ஒன்றை நான் எடுத்து, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரை வருடினேன். அடிப்பகுதிக்குச் சற்று மேலே கம்பி தடுக்கியது. உள்ளே சுற்றிலும் ஒரு பள்ளம். அடுத்த கூட்டிலும் அப்படியே. பித்தளை இழுபட்டு அந்த இடத்தில் மெலிந்துகொண்டிருந்தது.

"வேண்டாம், அறுந்துடும்" என்றேன்.

"அச்சுக் கீறலா இருக்கும். நீ எதுக்கெடுத்தாலும் பயப்படறே."

"பயமாத்தான் இருக்கு. சுடணும்னா கட்டி வெச்சுச் சுடு."

துப்பாக்கியின் மரக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவர் பிரெஞ்சில் ஏதோ திட்டியபடி மறுபடி கட்டினார்.

கயிற்றை இழுத்ததும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. புகை பின்பக்கமாகச் சீறியது. கிட்டே போய்ப் பார்த்தால் கட்டை நீளவாக்கில் பிளந்திருந்தது. கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி துப்பாக்கிக்குள்ளேயே சிக்கியிருந்தது. ஒரு மரச்சிராய் டயரில் குத்தி நின்றது. கன்னம் இருந்திருக்க வேண்டிய இடத்தை நண்பர் தடவிப் பார்த்தார். பிறகு ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

அச்சில் தோள் வேண்டியதைவிட மயிரிழை கீழே இருந்திருக்கிறது. துப்பாக்கிக்குள் கிடைத்த இடைவெளியில் ஒவ்வொரு வெடிக்கும் கூடு நீண்டிருக்கிறது. அவர் புதிய அச்சுக் கடைந்தார், கட்டையையும் மாற்றினார். புதுக் கூடுகளைச் சுட்டுப் பார்த்ததில் கம்பி எங்கும் தடுக்கவில்லை. ஆனாலும் அவர் வேட்டைக்குப் போன வாரம் முழுக்கத் தொலைபேசி அடித்தாலே நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

ஒரு மதியம் அவர் மனைவி கூப்பிட்டார். பிரெஞ்சில் படபடவென்று பேசினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. கடைசியில் அவர் சிரித்த பிறகுதான் மூச்சு வந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று மனைவி ஓடி வந்தாள்.

"உயிரோட திரும்பிட்டார்" என்றேன்.

குளிர்காலத்தில் நண்பர், சின்ன மானுக்கு ஏற்ற இன்னொரு தோட்டா வரைந்து தரச் சொன்னார். முடியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.